காம்பவுண்டுச் சுவரில் சிறுத்தை

அந்தப் பைக்குள் இருப்பது கேமராதானே? பார்த்ததுமே நினைத்தேன். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கீழே வைத்தால் அடுத்த திருப்பத்தில் உருண்டு டிரைவரிடம் போய்விடும். காட்டு மிருகம் எல்லாம் எடுப்பீர்களா? பறவை மட்டும்தானா. பறவை நல்லது. பறவையால் குடும்பத்துக்குள் சண்டை வராது. நான் ஒரே ஒரு மிருகத்தைப் படம் பிடித்தேன். நான் என்றால் நான் இல்லை, வீட்டு வாசலில் மாட்டியிருக்கிற கேமரா பிடித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு மிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

காந்திபுரம் வரைக்கும்தானே? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

எங்களுக்கு வேலவன் நகர். மலை அடிவாரம். கடைசி வீதி, அதில் கடைசி வீடு. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சோளக்காடு, அதற்கு அந்தப் பக்கம் ஓடை, அப்புறம் மலைதான். எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பட்டறை வைத்திருக்கிறார். வீட்டு முன்னாலேயே பட்டறை. காப்பர் கம்பி திருட்டுப் போனதால் கேமரா மாட்டினார். அவர் மாட்டியது கம்பிக்காக. அதைச் செல்போனில் பார்க்க நான் கற்றுக்கொண்டது என் மகளுக்காக.

ஒரே பெண், இந்துஜா. பீளமேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் யாருக்கோ காய்ச்சல் வந்தால், அந்த ஆஸ்பத்திரி பில்லை இவள் இங்கே உட்கார்ந்து சரிபார்க்கிறாள். அங்கே விடிந்தால் இங்கே இருட்டு. அதனால் மதியம் போய் ராத்திரி வருகிற ஷிப்ட். கம்பெனி வண்டி மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து எங்கள் வீதிவரை நடை. நடுவில் ஒரு விளக்கு கிடையாது.

நான் ஒன்றும் பிள்ளையைத் தொந்தரவு செய்கிறவள் இல்லை. சாப்பிட்டாயா என்று ஒரு போன். வண்டி ஏறிவிட்டாயா என்று ஒரு போன். வண்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு போன். எடுக்காவிட்டால்தான் மறுபடியும் போடுவேன். ஒரு நாள் எடுக்கவே இல்லை. மனசு கேட்குமா? அவளுடைய டீம் லீடர் நம்பரை எப்போதோ எழுதி வைத்திருந்தேன், அதற்குப் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறாளாம். மீட்டிங்கில் இருந்தால் என்ன, பெற்றவள் கூப்பிட்டால் ஒரு ஹலோ சொல்லக் கூடாதா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக் களைப்பு.

அந்த வேலையே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வீட்டுக்காரரிடம் சொன்னால், "அவளுக்குப் புடிச்சிருக்குது, விடு" என்பார். அவருக்குக் கம்பி அறுந்தால்தான் கவலை வரும்.

ஆயுத பூஜைப் பொரி இன்னும் தீரவில்லை, அந்தச் சமயம். காலையில் காப்பியை வைத்துக்கொண்டு, முந்தின ராத்திரி கேமராவில் பதிந்ததைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்ப்பதுதான், இந்துஜா கேட்டைத் திறந்து வருகிறாளா, கேட்டருகே நின்று போனில் யாரிடம் சிரித்துப் பேசுகிறாள் என்று சும்மா ஒரு பார்வை. அவள் வந்து உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம், சுவர் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. கண் இரண்டும் டார்ச் மாதிரி. சுவரையே அடைத்துக்கொண்டு ஓர் உடம்பு. உடம்பெல்லாம் புள்ளி.

காப்பி டம்ளர் எங்கே போனதென்று தெரியாது. "ஏனுங்க! ஏனுங்க!" என்று பட்டறைக்கு ஓடினேன்.

அவர் போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "பூனை மாதிரி இருக்குது மரகதம்."

"பூனைக்குப் புள்ளி இருக்குமுங்களா?"

"கேமராவுக்குக் கிட்ட நின்னா எலி கூட ஆனையாட்டத்தான் தெரியும்."

"நீங்க மோட்டாரப் பாருங்க," என்றேன். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் புள்ளி என்றால் புள்ளி என்று தெரியாதவளா?

அந்தப் படத்தை மட்டும் பிடித்து நகர் குரூப்பில் போட்டேன். ஐயோ, அப்புறம் என்ன சொல்ல. ஒருத்தர் புலி என்றார். ஒருத்தர் கழுதைப்புலி என்றார். மூன்றாம் வீதியில் ஒருத்தர், "இது எங்க டாமிதான், ரெண்டு நாளா காணோம், புடிச்சு வெய்யுங்க" என்று போட்டார். கடைசியில் எங்கள் நலச்சங்கச் செயலாளர் தேவராஜ் சார், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், "சந்தேகத்துக்கு இடமின்றி இது சிறுத்தை" என்று முடித்து வைத்தார். கீழே என் பெயர். 'தகவல்: திருமதி மரகதமணி நாச்சிமுத்து.' என் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரை இத்தனை பேர் படித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் வனத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ரஞ்சிதா என்று பெயர். காக்கி உடுப்பு, ஸ்கூட்டி, வெயிலில் கறுத்த முகம். இந்துஜா வயதுதான் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மா, வாலப் பாருங்க. சிறுத்தைக்கு வாலு உடம்புல முக்காவாசி நீளம் இருக்கும். இது பாதிகூட இல்ல. காலு பாருங்க, உடம்புக்கு உசரமா இருக்குது. காது மேல கூரா இருக்குது. எனக்குக் காட்டுப்பூனைன்னுதான் தோணுது."

"அப்ப புள்ளி?"

அவள் மறுபடி பார்த்தாள். "அதுதாங்கம்மா எனக்கும் புரியல. வளந்த காட்டுப்பூனைக்கு இப்படிப் புள்ளி இருக்காது. வீடியோ இருக்குதுங்களா?"

வீடியோ இல்லை. அந்தக் கேமராவில் பழையது மேலேயே புதியது பதிந்துவிடும். ஒரு படம்தான் மிச்சம். மிருகங்களின் படமும் கால் தடமும் அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்து, சோளக்காட்டு ஓரம் தடம் தேடி, ஒன்றும் கிடைக்காமல் போனாள்.

அதிகாரிக்கே புரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? சிறுத்தை என்றுதானே அர்த்தம்?

இந்துஜாவுக்கு முதல் நாளே, எழுந்து வந்ததும் படத்தைக் காட்டியிருந்தேன். "பாத்துக்க. நீ நடந்து வந்த அதே வழி. இனி இந்த ராத்திரி ஷிப்ட் எல்லாம் ஆகாது. வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துரு."

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "சிறுத்தையாம்மா?" என்றாள்.

"தேவராஜ் சாரே சொல்லீட்டாரு."

"அப்படியா," என்றாள். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சிறுத்தைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். நானும் ஒன்றரை வருஷமாகச் சொல்லி நடக்காததை அது ஒரு ராத்திரி உட்கார்ந்து நடத்திவிட்டதே என்று.

அப்புறம் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு பெருமை. அந்தத் தாளைப் பிரிட்ஜ் மேல் ஒட்டி, வால், காது, கால் என்று மனப்பாடம் செய்தேன். நகரில் யார் எதைப் படம் பிடித்தாலும் எனக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். "அக்கா, இது என்னதுன்னு சொல்லுங்க." நானும் சொன்னேன். கீரியை உடும்பு என்றேன். மரநாயைச் சிறுத்தைக் குட்டி என்றேன். ஒருத்தி மொட்டை மாடியிலிருந்து சாயங்காலம் எடுத்த படம், இது கரடி, கதவைச் சாத்திக்கொள் என்றேன். அவள் மாமியார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு துளசிச் செடிக்கு முன்னால் குனிந்து நின்றிருக்கிறார். இப்போது அந்த அம்மா எங்கள் வீதிப் பக்கமே வருவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்துஜாவுக்குப் பிடிக்கும் என்று அரிசியும் பருப்பும் போட்டுச் சோறு ஆக்கியிருந்தேன். தட்டில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "அம்மா, நீ சொன்னது சரிதான். சிறுத்தை நடமாடற வீதியில ராத்திரி நடந்து வர்றது ஆபத்துதான். கம்பெனிக்குப் பக்கத்துலயே லேடீஸ் ஹாஸ்டல் இருக்குது. ரூம் சொல்லீட்டேன்."

"வேலைய விடச் சொன்னேன் கண்ணு. வீட்ட விடச் சொல்லலியே."

"சிறுத்தை வேலைக்கா வருது? வீட்டுக்குத்தான வருது."

அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "புள்ள சொல்றதுலயும் நாயம் இருக்குது" என்றார். நாயம்! மறுநாளே பெட்டியோடு போய்விட்டாள். தலையணையைக் கூட விடவில்லை.

ஆக, எனக்கு இப்போது சிறுத்தை வேண்டாம். பூனை வேண்டும். உடனே வேண்டும்.

தேவராஜ் சார் வீட்டுக்குப் போனேன். "சார், நல்லாப் பாத்துட்டேனுங்க. அது பூனைதானுங்க. குரூப்புல போட்டுருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, விளையாடறீங்களா? சிறுத்தைன்னு மனு குடுத்து, பத்து வருஷமா வராத தெருவிளக்குக்குக் கம்பம் நட்டுட்டுப் போயிருக்காங்க. லைட் இன்னும் மாட்டல. மாட்டற வரைக்குமாவது அது சிறுத்தையா இருக்கட்டும்."

எதிர் வீட்டு விமலாவிடமாவது சொல்லலாம் என்று போனால், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்கூட்டுக்காரரு இப்பத்தான் பொழுதோட வீட்டுக்கு வர்றாரு. பிராந்திக் கடைப் பக்கமே போறதில்ல. சிறுத்தைக்குப் பயம். அதக் கெடுத்துராதீங்க."

பாருங்கள், நான் கொண்டுவந்த சிறுத்தை. எனக்கே விட்டுத்தர மாட்டேன் என்கிறார்கள்.

டிக்கெட்டா? எடுத்துவிட்டேன் தம்பி, ஏறினதும் எடுத்தேன், நீங்கள்தான் கொடுத்தீர்கள். இந்தக் கண்டக்டருக்கு என் முகம் மறந்துவிடும். எனக்கும் அப்படித்தான், முகம் ஞாபகம் இருக்காது. வால்தான் ஞாபகம் இருக்கும், இப்போதெல்லாம்.

எங்கே விட்டேன்? ரஞ்சிதாவுக்குப் போன் போட்டேன்.

"பூனைன்னு நான் அன்னைக்கே சொன்னேனேம்மா. நீங்கதான ஒத்துக்கல."

"இப்ப ஒத்துக்கறேன் சாமி. அத நீயே குரூப்புல சொல்லீரு."

"படம் தெளிவில்லாம எப்படிங்கம்மா சொல்றது? புள்ளிக்கு என்னன்னு பதில் சொல்றது?" கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணலாம். அது உக்காந்திருந்த அதே எடத்துல, அளவு தெரிஞ்ச ஏதாவது ஒரு பொருள வெச்சு, அதே கேமராவுல படம் எடுக்கலாம். ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சா, அது எத்தனை பெருசுன்னு தெரிஞ்சு போயிரும். நாங்க அப்படித்தான் பாப்போம். ஒரு கொடத்த வெச்சாக்கூடப் போதும்."

குடத்தை வைத்தால் தேவராஜ் சார் சின்னக் குடம் என்பார். பக்கெட்டை வைத்தால் அது என்ன சைஸ் பக்கெட் என்பார். என்னைத்தான் நகரில் எல்லாருக்கும் தெரியும். என் அளவைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. "நானே ஏறறேன்," என்று சொல்லிவிட்டேன்.

ரஞ்சிதா வேண்டாம் என்றுதான் சொன்னாள், அதையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வந்தாள். பட்டறை ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் மோட்டார்ப் பெட்டி ஒன்றைப் போட்டு, நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். ஒன்பது அங்குலச் சுவர். நான் ஒன்பது அங்குலம் இல்லை. பூனை எப்படித்தான் அதில் உட்காருகிறதோ. நான்கு காலில்... என்ன சொல்ல, இரண்டு கையும் இரண்டு முட்டியும் ஊன்றி நின்றேன். அந்தப் பக்கம் சோளக்காடு இருட்டாகக் கிடக்கிறது. இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார், விழுந்தால் பிடிப்பதற்கு. பிடித்தாரானால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிதான்.

"தலையக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கம்மா. அது கேமராவப் பாத்துச்சு," என்றாள் ரஞ்சிதா. திருப்பினேன். செல்போன் வழியாக அந்தக் கேமராவிலேயே படத்தைப் பிடித்தாள்.

"என்ன கண்ணு? ஆச்சா? எறங்கலாமா?"

பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்குகிறாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் என்னைப் பிடிப்பதை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

படத்தில் என் உடம்பெல்லாம் புள்ளி.

மூக்கில் புள்ளி, தோளில் புள்ளி, நைட்டி மேல் புள்ளி. சுவர் மேல் புள்ளி. பின்னால் வானத்தில் புள்ளி. "அம்மா," என்றாள் ரஞ்சிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதப் பாத்தா நீங்கதாம்மா சிறுத்தை."

"அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றார் அவர்.

ஏணி போட்டு ஏறிக் கேமராவைத் துடைத்தார். துணியில் மஞ்சளாக வந்தது. சந்தனம். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் டிரில், ஸ்பேனர், காயில் மெஷின், ஸ்கூட்டர், வீட்டில் மிக்சி, அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேனா, கேமரா மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதற்கும் வைத்தேன். கை எட்டவில்லை. விளக்குமாற்றுக் காம்பில் சந்தனத்தைத் தொட்டு, எக்கி எக்கி வைத்தேன். நெற்றியில்தான் வைத்ததாக நினைத்தேன். கண்ணில், சுவர் தெரிகிற பக்கமாகத் தெறித்திருக்கிறது; தினமும் கேட்டையே பார்க்கிற நான் அதைக் கவனிக்கவில்லை.

"பொட்டு வெக்கச் சொன்னா, அதோட கண்ணையே குத்தி வெச்சிருக்கறே," என்றார்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மிருகம் என் முழங்கை உயரம்கூட இல்லை. ரஞ்சிதா குரூப்பிலேயே போட்டுவிட்டாள்: காட்டுப்பூனை, ஆபத்து இல்லை, தொந்தரவு செய்யாதீர்கள். ஆதாரத்துக்கு இரண்டு படமும். எல்லாரும் என் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எவனோ துண்டு தெரியாத மாதிரி வெட்டி வெளியே அனுப்பியிருக்கிறான். மறுநாள் பொள்ளாச்சியிலிருந்து என் நாத்தனார் கூப்பிடுகிறாள். "ஏனுங்க நங்கை, உங்கூர்ல இன்னொரு சிறுத்தை வந்திருக்குதாமா? போட்டோ வந்துச்சு. நல்லா கொழுகொழுன்னு இருக்குது. வயித்துல குட்டி இருக்குமாட்டத் தெரியுது, சூதானமா இருங்க." நான் என்ன பதில் சொல்ல? சூதானமாக இருக்கிறேன் என்று சொன்னேன்.

மானம் போனால் போகிறது. எனக்கு வேண்டியது பூனை. கிடைத்துவிட்டது. போன வாரம் இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். கீழே விசிட்டர் வந்தால் உட்கார இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார வைத்துக் காட்டினேன். "பாத்துக்க. பூனை. ஆபீசரே சொல்லியாச்சு. தெருவிளக்கும் மாட்டியாச்சு. பெட்டியக் கட்டு, போலாம்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து, "முட்டியெல்லாம் செராய்ச்சிருச்சாம்மா?" என்று கேட்டாள். சேலைக்கு மேலாகவே தடவிக் கொடுத்தாள். வலி போய்விட்டது என்றேன்.

"அம்மா," என்றாள். "அது பூனைன்னு எனக்கு மொத நாளே தெரியும். நான் வர்றப்பெல்லாம் செவுத்து மேல உக்காந்திருக்கும். என்னையப் பாத்தா சோளக்காட்டுக்குள்ள குதிச்சு ஓடீரும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா ஹாஸ்டலுக்கு வந்தே?"

நான் கொண்டுபோன டப்பாவை வாங்கிக்கொண்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சும்மா" என்று எழுந்துவிட்டாள். வாசல்வரை வந்து, பஸ் ஏற்றிவிட்டு, நான் உட்கார சீட் கிடைத்ததா என்று கீழே நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். நல்ல பிள்ளை. அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் காயில் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "விடு மரகதம்," என்றார். அவருக்கு எதுவுமே புரியாது.

எனக்கு அந்த ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. யோசித்துப் பாருங்கள். சிறுத்தை என்று நினைத்துப் பயந்து ஓடியிருந்தால் நியாயம். பூனை என்று தெரிந்தே ஓடியிருக்கிறாள் என்றால், பூனைக்கே அவ்வளவு பயம்! பெற்ற தாயிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, இத்தனை நாள் அந்தப் பயத்தை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அப்படிப்பட்ட பயந்த பிள்ளை, ஊர் பேர் தெரியாத பெண்களோடு ஹாஸ்டலில் எப்படி இருப்பாள்? அதற்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். வார்டனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

காந்திபுரம் வந்துவிட்டதா? நில்லுங்கள், இதை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். நேற்று அவள் அனுப்பிய படம். ஹாஸ்டல் மொட்டை மாடி. பக்கத்தில் இருக்கிற பெண்கள் யாரென்று தெரியாது. மடியில் இருப்பது பூனை. வீட்டுப் பூனை. அதில் இனி நான் தப்பே செய்ய மாட்டேன், வாலையும் பார்த்துவிட்டேன், காதையும் பார்த்துவிட்டேன். யாரோ பிடித்து இவள் மடியில் போட்டிருக்கிறார்கள், விளையாட்டுக்கு. நீங்கள் இவள் முகத்தைப் பாருங்கள். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய... இந்த மாதிரி இவள் சிரித்து எங்கள் வீட்டில் நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. எவ்வளவு பயந்திருந்தால் பிள்ளை இப்படிச் சிரித்திருப்பாள், சொல்லுங்கள்.